ராஜா வாய் துடைத்த துணி

ரோமாபுரியில் விருந்துக்கு அழைப்பு வந்தால் கை துடைக்கும் துணியை விருந்தாளியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக வேண்டும். சோறு போடுவது அவர்கள் பாடு, துடைத்துக்கொள்வது நம் பாடு. இதில் ஒரு வசதியும் இருந்தது. பந்தி முடிந்ததும் மிச்சம் மீதியை அந்தத் துணியிலேயே முடிந்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் நைசாக லட்டைக் கைப்பைக்குள் தள்ளுகிற சித்தப்பாக்களுக்கு இரண்டாயிரம் வருடத்து முன்னோடிகள் உண்டு.

துணி நல்லதாக இருந்தால் களவும் வரும். கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் கட்டுல்லஸ் ஒரு விருந்தில் தன் கைத்துணிகளைப் பறிகொடுத்தார். எடுத்தவன் தெருத் திருடன் அல்ல. அசினியஸ் என்ற பெரிய இடத்துப் பையன். எல்லோரும் மதுவிலும் அரட்டையிலும் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்து இடது கையை நீட்டி லவட்டிவிடுவது அவன் பழக்கம். கட்டுல்லஸ் வழக்குப் போடவில்லை, பாட்டுப் போட்டார். மரியாதையாகத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் முந்நூறு வரி வசை வரும் என்று மிரட்டல். நம் காளமேகமாக இருந்தால் அரை வெண்பாவில் ஆளை ஊரைவிட்டே ஓட்டியிருப்பார். களவு போனது ஸ்பெயினின் சீட்டாபிஸ் ஊர் லினன். அந்தக் காலத்தில் அதற்கு ஏகப்பட்ட பெயர். விலைக்காக அழவில்லை, நண்பர்கள் அனுப்பிய ஞாபகப் பொருள் என்பதால் கேட்கிறேன் என்கிறார் கவிஞர். விலைக்காக அழுகிற எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தப் பையனின் சகோதரர் அசினியஸ் போல்லியோதான் பிற்பாடு ரோமாபுரிக்கு முதல் பொது நூலகத்தைத் திறந்தவர். ஒரே வீட்டில் ஒருவன் ஊருக்குப் புத்தகம் கொடுக்கிறான், இன்னொருவன் ஊரான் துணியைச் சுருட்டுகிறான்.

நூற்றைம்பது வருடம் கழித்தும் நிலைமை தேறவில்லை. மார்ஷியல் என்ற இன்னொரு கவிஞர் ஹெர்மோஜெனஸ் என்ற ஆளைப் பற்றி எழுதினார். இவனுக்குப் பயந்து யாருமே துணி கொண்டு வராமல் விருந்துக்கு வந்தார்களாம். ஹெர்மோஜெனஸ் சளைக்கவில்லை. மேசைவிரிப்பையே உருவிக்கொண்டு போய்விட்டான். கிட்டத்தட்ட அதே காலத்துப் பிளினி என்ற அறிஞர் இன்னொரு அதிசயத்தைப் பதிவு செய்கிறார். கல்நாரில் செய்த கைத்துணிகளை விருந்து நடக்கும்போதே அடுப்பில் போட்டு எடுப்பதைத் தானே பார்த்ததாகவும், தண்ணீரில் தோய்த்ததைவிடப் பளிச்சென்று வந்ததாகவும் எழுதியிருக்கிறார். இதே வித்தையைச் சார்லமேன் சக்கரவர்த்தியும் மேசைவிரிப்பை வைத்துச் செய்து விருந்தாளிகளை மிரட்டினார் என்று ஒரு கதை பின்னால் கட்டப்பட்டது. கல்நார் நுரையீரலை என்ன செய்யும் என்பது அப்போது யாருக்கும் கவலை இல்லை. சலவைக்காரர் கூலி மிச்சம், அது போதும்.

இடைக்கால ஐரோப்பாவுக்கு வருவோம். கையால் சாப்பிடுகிறார்கள், முள்கரண்டி இன்னும் பரவவில்லை. பிற்பாடு இவர்கள் பேரப்பிள்ளைகள் கப்பலேறி வந்து, நாம் கையால் சாப்பிடுவதைப் பார்த்து முகம் சுளித்தார்கள் என்பதை இங்கே ஒரு ஓரமாகக் குறித்து வைக்கிறேன். நாம் இலையில் சாப்பிட்டோம். சாப்பிட்டதும் மடித்து மாட்டுக்குப் போட்டால் தீர்ந்தது. அவர்களிடம் பெரிய மேசை, அதன்மேல் பெரிய வெள்ளைத் துணி. பந்தியில் இருக்கும் எல்லோரும் அந்தத் துணியின் ஓரத்திலேயே கையையும் வாயையும் துடைத்துக்கொண்டார்கள்.

இது ஏதோ விவரம் தெரியாதவர்கள் செய்தது என்று நினைக்காதீர்கள். 1530-ல் மகா பண்டிதர் எராஸ்மஸ் பிள்ளைகளுக்கு நாகரிகம் சொல்லிக்கொடுக்க ஒரு புத்தகம் போட்டார். எண்ணெய்க் கையை நக்காதே, சட்டையில் துடைக்காதே என்கிறார். சரி, வேறெதில்? மேசைவிரிப்பில் துடை, அல்லது கைத்துணியில் துடை. ஐரோப்பிய நாகரிகத்தின் பாலபாடம் இது. கைத்துணி கொடுத்தால் அதை இடது தோளிலோ இடது முழங்கையிலோ போட்டுக்கொள் என்றும் சொல்கிறார். தோளில் துண்டு போடும் உரிமைக்காக நம் ஊரில் எத்தனை தலைமுறை சண்டை நடந்தது என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

விரிப்பில் மானமும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வீரன் மானக்கேடாக நடந்துகொண்டால் பந்தியில் அவன் முன்னால் இருக்கும் விரிப்பைக் கத்தியால் வெட்டிவிடுவார்கள். பிரான்சின் ஆறாம் சார்லஸ் ராஜா பந்தியில் ஹைனோ நாட்டு இளவரசர் ஒருவருக்கு அப்படி நடந்ததாகச் சொல்கிறார்கள். அவருடைய உறவினர் ஒருவரை ஃபிரீசியர்கள் கொன்றுவிட்டார்கள், இவர் இன்னும் பழிவாங்கவில்லை, அதுதான் குற்றம். கட்டியக்காரன் வந்து துணியைச் சர்ரென்று கிழித்தான். அந்தத் துணியை வாங்கியவர் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எந்த வரலாற்று ஆசிரியரும் எழுதி வைக்கவில்லை.

மிலான் நகர மடத்துச் சாப்பாட்டு அறைச் சுவரில் லியனார்டோ டா வின்சி 1490-களில் தீட்டிய கடைசி இரவு விருந்து ஓவியத்தில் எல்லோரும் யூதாஸ் எங்கே, கத்தி யார் கையில் என்றுதான் தேடுவார்கள். ஒருமுறை மேசைவிரிப்பைப் பாருங்கள். ஓரங்களில் நீலக் கரை. பெருஜியா ஊர்த் துணிகளின் பாணி அது, வெள்ளையில் நீலப் பருத்தி நூல் கோத்து நெய்தது. அதைவிட முக்கியம், துணி நெடுகச் சதுரம் சதுரமாக மடிப்புக் கோடுகள். லியனார்டோ சோம்பலில் இஸ்திரி போடாமல் விட்டுவிட்டார் என்று நினைத்தால் தப்பு. மடிப்புக் கோடுதான் அந்தஸ்து. துவைத்து, மடித்து, திருகு வைத்த மர அழுத்தியில் வைத்து நசுக்கினால்தான் அந்தக் கோடு விழும். இப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்தது, இதற்கு முன் எவனும் இதில் வாய் துடைக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் தீபாவளிக்குத் தெருவைச் சுற்றி வருகிறோமே, அதே கணக்கு. மீனவர்களும் வரி வசூலித்தவரும் உட்கார்ந்த பந்திக்கு இந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று மடத்துச் சாமியார்கள் கேட்கவில்லை போலிருக்கிறது.

இனி அசல் கதாநாயகிக்கு வரலாம். பெயர் டமாஸ்க். டமாஸ்கஸ் நகரத்துப் பட்டிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு, பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிளாண்டர்ஸ் நாட்டு நெசவாளர்கள் அதையே லினனில் நெய்ய ஆரம்பித்தார்கள். கோர்ட்ரைக் என்ற ஊர் இதற்குத் தலைநகர். நம் வீடுகளில் ஆளி விதை என்று பொடி செய்து சாப்பிடச் சொல்கிறார்களே டாக்டர்கள், அந்தச் செடியின் தண்டிலிருந்து வருவதுதான் லினன் நார். தண்டை லேயே என்ற ஆற்றில் ஊறப்போட்டு அழுகவிட வேண்டும். கோர்ட்ரைக் பக்கம் அந்த ஆறு நாறிய நாற்றம் பிரசித்தம். ராஜாக்களின் மேசையில் விரிந்த வெள்ளைவெளேர் துணியின் பூர்வாசிரமம் ஒரு நாற்றமெடுத்த ஆறு.

டமாஸ்கில் வேடிக்கை என்னவென்றால் பாவும் வெள்ளை, ஊடையும் வெள்ளை. பூ, கொடி, மான், வேட்டை நாய், ஆதாம் ஏவாள், திராட்சைக் குலையைக் கம்பில் தூக்கி வரும் கானான் ஒற்றர்கள், எல்லாம் வெள்ளையில் வெள்ளை. ஓரிடத்தில் பாவு நூல் மேலே மிதக்கும், பக்கத்தில் ஊடை நூல் மேலே மிதக்கும். இரண்டும் வெளிச்சத்தை இரண்டு விதமாகத் திருப்புவதால் உருவம் தெரிகிறது. நேரே நின்று பார்த்தால் ஒன்றும் இல்லை, வெறும் வேட்டி. சாய்வாக வெளிச்சம் விழுந்து, தலையையும் கொஞ்சம் சாய்த்தால் மான் ஓடும். மெழுகுவத்தி வெளிச்சத்தில், பக்கவாட்டில் உட்கார்ந்து, தட்டு இல்லாத இடமாகப் பார்த்தால்தான் கண்ணில் படும் ஒரு சமாசாரத்துக்குத்தான் ஐரோப்பியப் பிரபுக்கள் பணத்தைக் கொட்டினார்கள். கஞ்சிபோட்ட கதர் வேட்டி கட்டிய நம் பெரிய மனிதர்களுக்கு இந்தத் தத்துவம் புரியும்: வெறும் வெள்ளைதானே என்று தெரியாதவன் நினைக்க வேண்டும், விலை தெரிந்தவன் வாயைப் பிளக்க வேண்டும்.

நெய்வது லேசுப்பட்டதா? மேசை அகலத்துக்கு ஒரே துணி வேண்டுமென்றால் தறியும் அந்த அகலம். நெசவாளி கீழே, பக்கத்தில் ஒரு பையன். பூ விழ வேண்டிய நூல்களைக் கயிறு கயிறாகக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு ஊடைக்கும் சரியான கயிற்றுக் கொத்தை அந்தப் பையன் இழுக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன் அடை கட்டி நெய்தவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பையன் ஒரு கயிறு மாற்றி இழுத்தால் ஏவாளுக்கு மூன்று கை. போதாக்குறைக்கு லினன் நூல் காய்ந்தால் படக்கென்று அறுந்துவிடும், ஆகவே ஈரம் கசியும் நிலவறைகளில் தறியைப் போட்டார்கள். மேலே மாளிகையில் துணி ஜொலித்தது, கீழே நெசவாளி இருமினார்.

1585-ல் ஸ்பானியப் படை ஆன்ட்வெர்ப்பைப் பிடித்தது. புராட்டஸ்டண்டு நெசவாளர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வடக்கே ஹாலந்துக்கு ஓடினார்கள். கோர்ட்ரைக்காரரான பாசியர் லாம்மர்டைன் ஹார்லெம் நகரில் தறி போட்டு, அங்கேயே பேரும் புகழும் பெற்றார். ஸ்பெயின் ராஜாவுக்கு ஊர் கிடைத்தது, ஹார்லெமுக்குத் தொழில் கிடைத்தது.

ஹார்லெமுக்குத் தறியைவிடப் பெரிய சொத்து ஒன்று இருந்தது: வெளுப்பு. நம் ஊர் வெள்ளாவிக்கு மூத்த அண்ணன். தறியிலிருந்து வரும் லினன் சாம்பல் கலந்த பழுப்பு நிறம். அதை முதலில் சாம்பல் காரத்தில் கொதிக்கவைப்பார்கள். பிறகு புல்வெளியில் விரித்து, வெயிலில் போட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். மறுபடி காரம், மறுபடி புல். அப்புறம்தான் உச்சக்கட்டம். துணியை நாள்கணக்கில் புளித்த மோரில் ஊறப்போடுவார்கள். ஹாலந்தில் மாட்டுக்குப் பஞ்சமில்லை, மோருக்கும் பஞ்சமில்லை. வசந்தத்தில் ஆரம்பித்தால் கோடை முடியும்வரை மாதக்கணக்கில் இந்தப் பூசை. நாம் மோரைக் குடித்துவிட்டு அழுக்கு வேட்டியோடு திரிந்தோம், அவர்கள் மோரைத் துணிக்கு ஊற்றிவிட்டுப் பியர் குடித்தார்கள்.

ரூயிஸ்டால் என்ற ஓவியர் 1670-களில் ஹார்லெமின் வெளுப்பு மைதானங்களை வரைந்தார். அதில் ஒரு படம் ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹுயிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் பெரும்பங்கு மேகம்தான். கீழே எறும்பு அளவில் ஆட்கள், பட்டை பட்டையாக வெள்ளைத் துணி. ஒரு நகரம் தன் பெருமையைக் காட்ட, காயப்போட்ட துணியைப் படம் போட்டு மாட்டிக்கொண்டது வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. இதில் ஒரு வியாபார சூட்சுமமும் உண்டு. எங்கோ சிலேசியாவில் நெய்த துணியை ஹார்லெமில் வெளுத்தால் போதும், சந்தையில் அது ‘ஹாலந்து’ துணி. பிறந்த ஊர் முக்கியமில்லை, குளித்த ஊர்தான் முக்கியம்.

1756-ல் எடின்பரோ டாக்டர் ஃபிரான்சிஸ் ஹோம் இந்த மோர் அபிஷேகத்துக்கு முதல் ஆப்பு வைத்தார். மோருக்குப் பதில் நீர்த்த கந்தக அமிலம் ஊற்று, நாள்கணக்கு வேலை மணிக்கணக்கில் முடியும் என்றார். 1785-ல் பெர்தோலே குளோரினைக் கொண்டு வந்தார், 1799-ல் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை வாங்கினார். மாடுகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன.

சலவையைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். அழுக்குத் துணியை உடனே துவைப்பவன் ஏழை. பணக்காரன் சேர்த்து வைப்பான். ஜெர்மனியிலும் ஹாலந்திலும் வசதியான குடும்பங்களில் பெரிய சலவை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான். அதுவரை தாங்கும் அளவுக்கு விரிப்பும் கைத்துணியும் டஜன் டஜனாக வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே ஒரு வீட்டில் ஆறு மாத அழுக்கு மூட்டை குவிந்திருந்தால் பெண் கொடுக்க யோசிக்க வேண்டாம். பெண்ணின் சீர்வரிசையிலும் டமாஸ்க்தான் கௌரவம். மூலையில் சிவப்பு நூலில் பெயரின் முதலெழுத்தும் எண்ணும் பொடிப்பொடியாகத் தைத்து, அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள் வீட்டம்மா. எண் எதற்கு? வேலைக்காரி ஒன்பதாம் நம்பரை எடுத்துப் பத்தாம் நம்பரின் கீழ் வைத்தால் தெரிந்துவிடுமே!

துணி சேர்ந்தது, வேலையில்லாத மூளையும் சேர்ந்தது. 1629-ல் பாதுவாவில் மத்தியா ஜீகர் என்ற பவேரியாக்காரர் மூன்று பகுதியாக ஒரு நூல் வெளியிட்டார். ஒரு பகுதி இறைச்சி வெட்டுவது பற்றி. இன்னொன்று முழுக்கத் துணி மடிப்பது பற்றி. கைத்துணியில் மீன், பறவை, நாய், கப்பல், கோட்டை எல்லாம் படத்தோடு போட்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க வந்த ஜெர்மன் பையன்கள் இவரிடம் இறைச்சி வெட்டும் கலையைப் படித்துவிட்டுப் போனார்கள். மடித்த கப்பலைக் கலைத்து வாய் துடைக்க முடியுமா? முடியாது, துடைக்க வேறு துணி தனியாக வரும். துடைப்பதற்கென்று பிறந்த துணிக்கு அந்த வேலையிலிருந்து விலக்குக் கிடைத்துவிட்டது, அரசாங்க உத்தியோகத்தில் பதவி உயர்வு வந்த மாதிரி.

லண்டனில் கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் 1669-ல் தன் வீட்டு விருந்துக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டார். அவன் வந்து துணிகளை விதவிதமாக மடித்து வைத்துவிட்டுப் போனான். இது ஒரு பிழைப்பா, இதில் இவ்வளவு காசா என்று நாட்குறிப்பில் வியக்கிறார் பீப்ஸ். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, என் மனைவிக்குக் கற்றுக்கொடுக்க இவனுக்கு நாற்பது ஷில்லிங் கொடுக்கப்போகிறேன் என்று எழுதுகிறார். தானே கற்றுக்கொள்ளும் யோசனை அவருக்கு வரவில்லை. கணவர்கள் அப்படித்தான்.

வெர்சாயில் கூத்து உச்சத்துக்குப் போனது. பதினான்காம் லூயி ராஜாவின் கைத்துணிகள் கப்பல் வடிவிலான தங்கப் பாத்திரத்தில் இருக்கும். அந்தக் கப்பலைக் கடந்து போகிறவர்கள் அதற்கு வணக்கம் வைக்க வேண்டும். ராஜா இல்லாவிட்டாலும் துணி இருக்கிறதே! ராஜா கை துடைக்கத் துணி நீட்டுவது வேலைக்காரன் செய்கிற காரியமும் இல்லை. அறையில் இருப்பவர்களில் உயர்ந்தவருக்கே அந்தப் பாக்கியம். சொந்தத் தம்பியே வந்தால் அவர்தான் நீட்ட வேண்டும், நீட்டிவிட்டு நின்றுகொண்டே இருக்க வேண்டும், உட்கார் என்று அண்ணன் சொல்லும்வரை. நாட்டின் இரண்டாவது பெரிய மனிதர் துண்டோடு நிற்கிறார், முதல் பெரிய மனிதர் வாயில் குழம்பு.

பிரபுக்களுக்குச் சண்டையும் துணியில் வேண்டியிருந்தது. 1717-ல் இளவரசர் யூஜின் துருக்கியரிடமிருந்து பெல்கிரேடைப் பிடித்ததும் அந்த முற்றுகையை நெய்த டமாஸ்க் கைத்துணிகள் வந்தன. வெற்றி வீரருக்கு இதைவிட மரியாதை செய்ய முடியாது. சாப்பிட்டு முடித்ததும் அவர் முகத்திலேயே துடைத்துக்கொள்ளலாம்.

இத்தனை காசு புழங்கும் தொழிலில் ரகசியத் திருட்டு இல்லாமல் இருக்குமா? 1666-ல் சாக்சனியின் குரோஸ்ஷோனாவ் கிராமத்திலிருந்து லாங்கே என்ற இரண்டு சகோதரர்கள் ஹாலந்துக்குப் போய் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதைத் தூக்கிச் சாப்பிட்டது ஸ்காட்லாந்து. 1718 வாக்கில் எடின்பரோ பக்கத்து டிரம்ஷூவில் டமாஸ்க் தறிகள் பூட்டிய கதவுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. டன்ஃபர்ம்லின் ஊர் ஜேம்ஸ் பிளேக் என்பவர் பைத்தியக்காரன் வேஷம் போட்டுக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தாராம். கோமாளித்தனம் பண்ணினார், நெசவாளர்கள் சிரித்தார்கள், உள்ளே விட்டார்கள். பைத்தியம் தறிக்கு அடியில் படுத்துக்கொண்டு கயிறு எங்கே எப்படிப் போகிறது என்று ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தது. ஊருக்குத் திரும்பியதும் பைத்தியம் தெளிந்துவிட்டது, டன்ஃபர்ம்லின் டமாஸ்குக்குப் பேர்போன ஊராகிவிட்டது. இது அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை. உண்மையோ பொய்யோ, தன் ஊர்த் தொழிலுக்குத் தலபுராணமாக ஒரு திருட்டை வைத்துக்கொள்ள நேர்மை வேண்டும்.

1804 வாக்கில் லியோன் நகரத்து ஜக்கார்டு துளையிட்ட அட்டையால் பூப்போடும் கருவியைக் கொண்டு வந்தார். கயிறு இழுத்த பையனுக்கு வேலை போயிற்று. அடுத்து நீராவித் தறி வந்தது, இப்போது நெசவாளிக்கே வேலை போயிற்று. டன்ஃபர்ம்லினில் வில்லியம் என்ற கைத்தறி டமாஸ்க் நெசவாளி அப்படித்தான் தறியை விற்றுவிட்டு, 1848-ல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பதின்மூன்று வயது வாக்கில் மகன் பருத்தி ஆலையில் வாரம் 1 டாலர் 20 சென்ட் கூலிக்கு நூல்கண்டு எடுத்துப்போடும் வேலைக்குப் போனான். பையன் பெயர் ஆண்ட்ரூ கார்னகி. 1901-ல் தன் எஃகுக் கம்பெனியை 48 கோடி டாலருக்கு விற்றார். ஊர் ஊராக நூலகமும் கட்டினார், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். முதல் நூலகம் டன்ஃபர்ம்லினில்தான். கைத்துணித் திருடன் வீட்டில் ஒரு நூலகம், கைத்துணி நெய்தவர் வீட்டில் ஆயிரக்கணக்கில். அப்பாவுக்கு ஒரு தறி திரும்பக் கிடைத்திருந்தால் இத்தனை நூலகம் வந்திருக்காது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானத்தை வில்லியமிடம் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. மகன் கோடீஸ்வரன் ஆவதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆலை நெய்ததும் டமாஸ்க் மலிந்தது, கடைசியில் காகிதக் கைத்துணி வந்து அதையும் ஓரங்கட்டியது. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மேசையில் விரிகிற துணி, கைத்துணி, ஏப்ரன், சமையலறைத் துண்டு எல்லாம் மூட்டை மூட்டையாகப் புறப்படும் ஊர்களில் ஒன்று நம் கரூர். எராஸ்மஸ் வகுத்த நாகரிகத்துக்கு அமராவதிக் கரையில் துணி நெய்கிறார்கள், நெய்தவர்கள் மதியம் வீட்டுக்குப் போய்த் தட்டிலோ இலையிலோ கையால் சாப்பிட்டுக் குழாயடியில் கழுவிக்கொள்கிறார்கள். அடுத்த ரிசப்ஷனில் உங்கள் தட்டின் மேல் அன்னப்பறவையாக மடித்த துணி உட்கார்ந்திருந்தால் தயங்காதீர்கள். கழுத்தைப் பிடித்துப் பிரித்து, உதறி, தாராளமாக வாயைத் துடையுங்கள். துவைக்கிறவருக்கு மட்டும் ரசத்தையும் மஞ்சளையும் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், போதும்.